திருகோணமலையில் எதைக் காட்டுவது?

சித்திரை கடைசியில் ஒரு நாள் இரவு, படுக்கப் போகும் நேரத்தில், ரொறன்ரோவிலிருந்து என் பால்ய நண்பன் தொலைபேசியில் அழைத்தான். வருடத்தில் இரண்டு முறை அழைப்பவன். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, என் பிறந்த நாளுக்கு ஒருமுறை. இது இரண்டும் அல்லாததால் யாரோ காலமாகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"மகள் வாறாள். ஆனியில மூண்டு நாள் திருகோணமலையில நிப்பாள். நீதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேணும்."

"வரட்டும். காட்டுறன்."

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எல்லாத்தையும் காட்டாதை," என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன் நான். ஒருவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டுப் பழகிய காது. அவன் எதைக் காட்டவேண்டாம் என்கிறான் என்பது எனக்கு விளங்கிற்று. விளங்கிற்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாங்கள் இருவரும் புல்மோட்டையில் வளர்ந்தவர்கள். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடலோரமாக ஏறக்குறைய 55 கிலோமீற்றர். என் தகப்பனாரும் அவன் தகப்பனாரும் கனிய மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை பார்த்தார்கள். கூட்டுத்தாபனத்து விடுதிகளில் அடுத்தடுத்த வீடு. 1985 இல், எங்களுக்குப் பதினாறு பதினேழு வயதாக இருக்கையில், இரண்டு குடும்பங்களும் ஒரே லொறியில் ஏறி ஊரை விட்டு வந்தோம். அவன் கொழும்பு, பின்னர் ஜேர்மனி, பின்னர் கனடா என்று போனான். நான் பல்கலைக்கழகம் போய்க் கலைப்பட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு செய்தித்தாளுக்குப் போனேன். அவனுடைய தங்கை முல்லைத்தீவில் கல்யாணம் செய்து அங்கேயே இருந்தாள்.

வந்திறங்கிய பெண்ணுக்கு இருபத்தாறு வயது. தமிழைத் தடக்கித் தடக்கிப் பேசினாள். ஆனால் விடாமல் பேசினாள். என்னை "மாமா" என்றாள். கையில் ஒரு சிறு கொப்பி. அதில் பார்க்கவேண்டிய இடங்களைத் தமிழில், பெரிய எழுத்தில், எழுதி வைத்திருந்தாள். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாமலை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொப்பியில் அடுத்த பக்கமும் உண்டு என்பது எனக்குத் தெரியாது.

முதல் நாள் காலை கோட்டைக்குப் போனோம். திருகோணமலைக்கு வருகின்ற எவரையும் முதலில் அழைத்துச் செல்லவேண்டிய இடம் பிரெட்ரிக் கோட்டை வாசல்தான் என்பது என் அபிப்பிராயம். பலர் வாகனத்திலிருந்து இறங்காமலே அந்த வாசலைக் கடந்து நேரே மலையுச்சிக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். இறங்கி, நுழைவாயிலின் கல்லைப் பார்க்கவேண்டும். இரண்டு கயல்கள் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதாக மரபில் வாசிக்கப்படுகின்ற கல்வெட்டு அது. முன்கூட்டியே சொன்னதா, அழிந்த பின் பாடியதா என்று நான் வாதாட வரவில்லை. 1622 இல் போர்த்துக்கேயர் மலையுச்சியில் இருந்த கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே அடுத்த ஓரிரு வருடங்களில் கோட்டையைக் கட்டினார்கள். ஆகவே வாசலில் நிற்பவர் உண்மையில் கோயிலின் ஒரு துண்டுக்கு முன்னால்தான் நிற்கிறார்.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டை கைமாறிய கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1639 இல் ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர். அதே வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரான். சமாதானத்தின் பின் மறுபடி ஒல்லாந்தர். 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். 1803 இல் அவர்கள் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, பெயரும் அந்த இளவரசருடையதாகவே இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு வல்லரசுகள் அடித்துப் பறித்த இடம் என்றதும், "இவ்வளவு சின்ன இடத்துக்கா?" என்றாள். மலையில் ஏறி உட்துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். கடல் தரைக்குள் கை நீட்டி நுழைந்து, மலைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, ஆழமாகவும் அலையில்லாமலும் கிடப்பதைப் பார்த்தால் விளங்கும். எங்களுடைய கஷ்டங்களில் பாதி இந்தத் துறைமுகம் இவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் வந்தவை.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. கோயிலுக்கு வருபவர்கள் வாழைப்பழம் கொடுக்கிறார்கள்; சில மான்கள் நகரத்துக்குள்ளும் இறங்கி வந்து பொலித்தீன் பையைத் தின்கின்றன. அந்தப் பெண் கோணேசர் கோயிலைவிட மான்களையே அதிகம் படம் எடுத்தாள் என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் என் முதல் வருகையில் மானைத்தான் பார்த்தேன்.

கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சம்பந்தர் கடலைத் தாண்டாமலே பாடிய தலம். எனக்கு அதில் மனம் ஒட்டுவது ஒரு சின்ன நிகழ்வில். 1950 இல் நகரசபை கிணறு வெட்டுகையில் மண்ணுக்குள்ளிருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், யாரோ ஓடிப்போய்ப் புதைத்திருக்கிறார்கள். புதைத்தவர் திரும்பி வரவில்லை. இன்றைய கோயிலின் கும்பாபிஷேகம் 1963 இல். அதற்கு முன், 1956 இல், ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, கடலுக்கடியில் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். விண்வெளியைப் பற்றிக் கதை எழுதியவருக்கு எங்கள் கோயில் கடலுக்கடியில் அகப்பட்டது.

இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண் நிற்கிறது. ஒல்லாந்து அதிகாரி ஒருவரின் மகள் பிரான்சினா, காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு 1687 இல் அந்த உச்சியிலிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அவள் சாகவில்லை, சில வருடங்களுக்குப் பின் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் இந்தத் திருத்தத்தைச் சொன்னதும் எங்களோடு ஒட்டிக்கொண்ட வழிகாட்டித் தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. அவருடைய பிழைப்பில் மண் போட்டுவிட்டேன் போலிருந்தது. இருநூறு ரூபா கூடக் கொடுத்தேன்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். நகரத்துக்காரர் மாலையில் காற்று வாங்க வருகின்ற அந்தக் கரையில் கச்சான் விற்பவர்கள், பட்டம் விடுகின்ற பிள்ளைகள், முச்சக்கர வண்டிகள். வீதியோரத்தில் காந்தி சிலை. நான் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் காட்டாதை" என்றவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. அவளோ திரும்பிச் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த அஞ்சு பெடியன்களையும் இங்கதானே சுட்டது?"

2006 ஜனவரி 2. பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த வயதில் ஐந்து மாணவர்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆந் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமற்போன ஒன்றை மட்டும் கேட்டாள்: "நீங்கள் அப்ப எங்க இருந்தனீங்கள்?"

கொழும்பில் இருந்தேன் என்றேன். செய்தி மேசையில். சுகிர்தராஜனுடைய செய்தியை நாங்கள் முதற்பக்கத்தில் போட்டோம். போட்டுவிட்டு நான் மூன்று நாள் வீட்டுக்கு வேறு வேறு பாதையால் போனேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் சுருளை என் பக்கம் நீட்டினாள்.

இரண்டாம் நாள் அவள் பட்டியலில் இல்லாத இடங்களுக்குக் கூட்டிப் போனேன். பெரிய இடங்களைப் புத்தகம் காட்டிவிடும். உள்ளூர்க்காரன் ஒருவன் எதற்கு?

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காலையிலேயே முடித்துவிட்டோம். ஏழும் ஏழு விதமான சூடு. தாய்க்குக் கடன் செய்ய இராவணன் வாளால் குத்தி உண்டாக்கியவை என்பது கதை. எங்கள் ஊரவர்கள் அந்தியேட்டி செய்யப் போகின்ற இடமாகத்தான் நான் அதைச் சிறுவயதில் அறிந்தேன். என் பாட்டனாருக்கு அங்கேதான் செய்தோம். இப்போது அது சுற்றுலாத் தலமாகவும் தகராற்று நிலமாகவும் இருக்கிறது. வாளியில் மொண்டு குளித்தவர்களில் அழுதவர் ஒருவரையும் காணவில்லை.

பூங்கா என்று சொல்லத்தக்க இடம் இந்த நகரத்தில் எது என்று என்னைக் கேட்டால் ஒரு சங்கடமான பதிலைத்தான் சொல்வேன். திருகோணமலையில் மிக நன்றாகப் பராமரிக்கப்படுகின்ற பூங்கா ஒரு மயானம். நிலாவெளி வீதியில், உப்புவெளியைக் கடந்ததும் வருகின்ற பிரித்தானியப் போர் மயானத்தைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. மொட்டைக் கத்தரியால் வெட்டிய புல், ஒரே உயரத்தில் கற்கள், கற்களின் காலடியில் பூச்செடி. கச்சான் காற்று அனலாய் வீசுகின்ற ஆனி மாதத்திலும் அங்கே பச்சை. 19 வயது, 20 வயது, 22 வயது என்று வாசித்துக்கொண்டே போனாள். ஆங்கிலேயக் கடற்படைப் பையன்கள். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அன்றைய தாக்குதலில் எரிந்துபோனது. மிச்சம் 99 தாங்கிகள் காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. அவற்றை யார் எத்தனை வைத்துக்கொள்வது என்று 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் எழுதின. துறைமுகம் அழகாக இருந்தால் இப்படித்தான்.

"பேர் எல்லாம் எழுதி வைச்சிருக்கினம்," என்றாள், வெளியே வருகையில்.

ஓம் என்றேன். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதையேதான் நினைத்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நகரத்துக்குள் இருக்கின்ற பழைய மயானத்துக்கும் போனோம். அதற்குப் புல் வெட்ட ஆளில்லை. ஆடுகள் மேய்ந்து ஓரளவு சரி செய்கின்றன. அங்கே ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் தம்பி கிடக்கிறார். சார்ள்ஸ் ஆஸ்டின், கடற்படைத் தளபதி. 1852 இல் பர்மிய யுத்தத்தில், ஐராவதி ஆற்றில் வாந்திபேதியில் இறந்தவர். அவள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள். நம்பமுடியாமல் அந்தக் கல்லின் முன் நெடுநேரம் நின்றாள். கோணேசர் மலையில்கூட அப்படி நிற்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் அங்கேயே நின்று சொன்னேன். மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளர், கொழும்பில் பிறந்து திருகோணமலையில் பணியாற்றியவர், வேலை நேரம் போக மீதி இரவெல்லாம் தன் தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழனின் மேற்பரப்பில் தோன்றிய ஒரு பெரிய குழப்பத்தை 1901 இல் முதலில் கண்டவர்களில் ஒருவர். நாற்பத்தொரு வயதில், 1908 நத்தார் தினத்தன்று, இங்கேயே இறந்துபோனார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. திருகோணமலையில் ஒரு ஒழுங்கைக்காவது இருந்தால் நன்றாயிருக்கும்.

பிற்பகல் புறாமலைக்குப் படகில் விட்டேன். நான் கரையில் இருந்துகொண்டேன். 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட தீவு அது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப் பாறைகளைப் பார்த்துவிட்டு முதுகு சிவக்க வந்தாள். குட்டிச் சுறா கண்டாளாம். பவளத்தை மிதித்துக்கொண்டு நிற்கின்ற கூட்டத்தையும் கண்டாளாம்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் தன் கொப்பியைத் திறந்து அடுத்த பக்கத்தைக் காட்டினாள். அதில் ஒரே ஒரு சொல். புல்மோட்டை.

"அப்பா வேண்டாம் எண்டவர்," என்றேன்.

"எனக்கும் வேண்டாம் எண்டவர். மாமி போகச் சொன்னவ."

மாமி என்றது நண்பனின் தங்கையை. அவள் 2021 இல் கொரோனாவில் இறந்துவிட்டாள். அதற்கு முந்திய பத்து வருடமும் இந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளோடு பேசித்தான் தமிழ் பழகியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. அவள் தகப்பனுக்கும் பாதிதான் தெரியும்.

இனி நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, வன்னிக் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் உடன் வந்தவர்களையும் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டு வந்தது. மொத்தம் ஏறக்குறைய 14,000 பேர். 'கிறீன் ஓஷன்' என்பது கப்பலின் பெயர். முதலில் திருகோணமலைக்கு வந்தது. மார்ச் நடுப்பகுதியில் இந்திய மருத்துவர்கள் புல்மோட்டையில் ஒரு கள ஆஸ்பத்திரியை அமைத்ததும் அங்கே இறக்கத் தொடங்கினார்கள். கொழும்பில் என் மேசைக்கு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை வரும். நான் அதைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, பக்கத்தில் போடுவேன். அவர்களை இறக்குகின்ற அந்தக் கரை நான் நீந்தப் பழகிய கரை. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. போக அனுமதி கேட்டு எழுதவுமில்லை. அனுமதி கிடைத்திராது என்பது வேறு கதை. கேட்கவில்லை என்பதுதான் என் கதை.

அந்த மார்ச் மாதத்தில் ஒரு நாள் நண்பன் கனடாவிலிருந்து அழைத்தான். தங்கை காயப்பட்டுவிட்டாள், கப்பலில் ஏற்றியதாக யாரோ சொன்னார்கள், பட்டியலில் பேர் இருக்கிறதா பார் என்றான். நான் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். இரண்டாமவர், "இந்த நேரத்தில் பேர் விசாரிக்காதையுங்கோ," என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குத் தொற்றிவிட்டது. மறுநாள் நண்பனிடம், "பட்டியல் பார்த்தன், பேர் இல்லை," என்றேன். நான் பட்டியலைக் காணவே இல்லை. அவன் ஆறு வாரம் தங்கை செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். பிறகு வவுனியா முகாமிலிருந்து அவளே யாருடையதோ தொலைபேசியில் பேசினாள். அவன் என்னைக் குற்றம் சொன்னதில்லை. பட்டியல் பிழை என்று நினைத்திருப்பான். நானும் நினைக்க விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியவே வடக்கே வெளிக்கிட்டோம். இறக்கக்கண்டி, குச்சவெளி, புடவைக்கட்டு. என் சிறுவயதில் இந்தப் பாதையில் களப்பு வாய்களைக் கடப்பது ஒரு நாள் வேலை. பாதைப் படகு அக்கரையில் நின்றால் இக்கரையில் ஒரு தேநீர், ஒரு சண்டை, ஒரு குட்டித் தூக்கம். இப்போது பாலங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம்.

திரியாயில் திரும்பி, மலையில் ஏறி வட்டதாகையைக் காட்டினேன். வட்டமாக நிற்கின்ற கல்தூண்கள் நடுவே தாதுகோபுரம். அருகே பாறையில் ஒரு கல்வெட்டு. அதன் எழுத்து பல்லவ கிரந்தம், மொழி சமஸ்கிருதம், பொருள் பௌத்தம். தபஸ்ஸு, பல்லுகர் என்ற வணிகர்களின் பெயர் வருகிறது. ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கும் மேலான இந்த ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு இது எங்களுடையது என்று இரண்டு பக்கமும் அடித்துச் சொல்கின்ற காலத்தில், அதை எழுதியவர்கள் கப்பலில் வந்து போன வியாபாரிகளோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வரும். மலையடியில் திரியாய்க் கிராமம். 1985 இல் எரிந்தது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தக் கதைக்குத் தனியாக எழுதவேண்டும்.

புல்மோட்டைச் சந்தியில் தேநீர் குடித்தோம். ஊர் பெரிதாகிவிட்டது. கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர். நான் தகப்பனாரின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மணல் மாஸ்டர்ர மகனா?" என்றார். என் தகப்பனார் மாஸ்டர் அல்ல, எழுதுவினைஞர். ஆனால் ஊருக்கு அவர் அப்படித்தான்.

"நானா, கப்பல்ல ஆக்களைக் கொண்டுவந்த நேரம் நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு வயது ஐம்பத்தாறு. அந்தக் கேள்வியை நாற்பது வயதில் கேட்டிருக்கவேண்டும்.

"எங்க போற? இங்கதான். உள்ளுக்கு விடமாட்டாங்க மகன். எங்கட வீட்டுப் பொம்புளயள் கஞ்சி காய்ச்சுவாங்க. சாரம், சட்டை, பிள்ளைகளுக்குப் பால்மா. வாசலில குடுத்தா உள்ளுக்குக் கொண்டுபோவாங்க. ஆருக்குக் குடுத்தாங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

பெண் தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மாமியின் படம். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடலுக்குப் போனோம். புல்மோட்டைக் கரையை முதன்முறை காண்பவர்கள் எண்ணெய் கொட்டிவிட்டதா என்று கேட்பார்கள். மணல் கறுப்பு. இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன், கானற் எல்லாம் கலந்த மணல். 1957 இல் இதற்கென்றே கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் பொங்கி, அள்ளிய இடத்தை வருடந்தோறும் மீண்டும் நிரப்பிவிடும். ஆலையில் காந்தத்தால் இல்மனைற்றைப் பிரிப்பார்கள். காந்தத்துக்கு மசியாத மற்றவற்றை மின்சாரத்தால் பிரிப்பார்கள். நாங்கள் பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். கரிய தாடி முளைத்துவிடும். இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் உலகத்தின் வெள்ளைப் பூச்சு தயாராகிறது. சுவர்ப் பூச்சு, பற்பசை, தாள். நாங்களோ பல வருடங்களாக மணலை மணலாகவே கப்பலில் ஏற்றி விற்றுக்கொண்டிருக்கிறோம். என் தகப்பனார் தினமும் இரவு சோற்றுக்கு முன் இதைச் சொல்லித் திட்டுவார். இன்றைய பத்திரிகையிலும் யாரோ திட்டியிருப்பார்கள்.

ஆலையின் கூரையைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"இதைத்தான் மாமி கண்டவ," என்றாள். "கப்பலில இருந்து சின்னப் படகுக்கு இறக்கேக்குள்ள படுத்த படுக்கையாம். கால் போட்டுக் கட்டியிருந்ததாம். எங்க கொண்டு போகினம் எண்டு ஆருக்கும் தெரியாதாம். தலையைத் திருப்பினால் இந்தக் கூரை. பக்கத்தில கிடந்த மனிசியிட்ட, 'இது எங்கட வீடு' எண்டு சொன்னவவாம். அந்த மனிசி, இவவுக்கு மூளை பிசகிவிட்டுது எண்டு நினைச்சு அழுததாம்."

இருபத்துநான்கு வருடத்துக்குப் பின் அவள் ஊருக்குத் திரும்பிய விதம் அது.

கரையில் உட்கார்ந்து நான் பட்டியல் கதையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் மணலைக் கையில் எடுத்து விரலுக்குள்ளால் ஒழுக விட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "மாமிக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் பார்க்கேல்லை எண்டு. அங்க பேர் எழுதின பட்டியலில தன்ர பேர் முதல் பக்கத்தில இருந்ததாம். பார்த்திருந்தா கண்டிருப்பீங்கள் எண்டவ. பாவம், பயந்திருப்பான் எண்டும் சொன்னவ. அப்பாவுக்குச் சொல்லாதை எண்டும் சொன்னவ."

திரும்பும் வழியில் அரிசிமலைக்குப் போனோம். அங்கே மணல் கறுப்பல்ல; அரிசிமணி அளவில், வெள்ளையும் பழுப்புமாய், காலில் ஒட்டாத மணி மணியான கல். மலையில் இப்போது ஒரு பௌத்த மடாலயம் இருக்கிறது. சிறுவயதில் நாங்கள் சோறு சமைத்து விளையாடிய கரையில் கொழும்பிலிருந்து பேருந்தில் வந்த குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிங்களச் சிறுமி அரிசிக்கல்லைத் தொப்பியில் நிரப்பித் தாயிடம் கொண்டுபோய் நீட்டினாள். தாய் அதை உண்பதுபோல் பாவனை செய்தாள். எங்கள் பிள்ளையும் ஒரு பிடி அள்ளினாள். பிறகு அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டாளோ என்னவோ, ஒரு மணி விடாமல் திருப்பிக் கொட்டிவிட்டாள்.

விடுதிப் பக்கம் போய் வீட்டையும் பார்த்தோம். வேறு யாரோ இருக்கிறார்கள். வேலிக்கு வெளியில் நின்று ஒரு படம் எடுத்தாள்.

அவளைக் கொழும்புப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த இரவு நண்பன் அழைத்தான். என்னவெல்லாம் காட்டினாய் என்று கேட்டான். கோணேசர், கன்னியா, புறாமலை, போர் மயானம், ஜேன் ஆஸ்டினின் தம்பி என்று சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில், "புல்மோட்டைக்கும் போனம்," என்றேன். அதற்குப் பிறகு பட்டியலைப் பற்றிச் சொன்னேன். மகள் சொல்லவேண்டாம் என்றுதான் கேட்டிருந்தாள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதையே செய்துவிட்டேன், இனி முடியாது.

கடலின் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். அறவில்லை.

"வீடு நிக்குதா?" என்றான்.

"நிக்குது. கூரை மாத்தியிருக்கினம்."

"முத்தத்து வேம்பு?"

"அதுவும் நிக்குது."

"எந்த வேம்பு? கிணத்தடி வேம்பா, கேற்றடி வேம்பா?"

"கிணத்தடி வேம்பு," என்றேன். "கேற்றடியில இப்ப ஒண்டும் இல்லை."

"அதைத்தான் தங்கச்சி நட்டவள்," என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.